எதனோடும் இணைக்கப்படாத பிரேக்

டிரெய்னிங் லாரியில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினால் ஒரு பெடல் தட்டுப்படும். நல்ல இரும்புப் பெடல், மேலே கறுப்பு ரப்பர், பார்க்க அசல் பிரேக் மாதிரியே இருக்கும். புதிதாக டிரெய்னராகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி யாரும் உட்கார வேண்டாம். அது எதனோடும் இணைக்கப்படவில்லை. மிதித்தால் உள்ளே போகும், காலை எடுத்தால் மேலே வரும். வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, லெப்ட் சைடு பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது, மெக்கானிக்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி ஒரு போன் வரலாமா? இன்னும் எத்தனை பேர் அதை அசல் என்று நினைத்துக்கொண்டு மான்குர்ட் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்களோ! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பம்பாய் தாராவியில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நாலாவது தடவை படிக்க என் வீட்டுக்காரி விடவில்லை.

நான் பயந்தவன். இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மாடி இறங்கி, கேஸை மூடினோமா என்று ஏறிப் போய்ப் பார்த்து, திரும்ப இறங்கி, இப்போது பூட்டினோமா என்று திரும்ப ஏறுகிற ஜாதி. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினேன். பெரிதாக ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்த்து மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்களை மாதிரி தைரியசாலிதான் டிரெய்னிங்குக்கு வேணும்" என்றார். தைரியசாலி! ஒவ்வொரு வளைவிலும் குலதெய்வத்தில் ஆரம்பித்து ஊரில் இருக்கும் அத்தனை சாமியையும் வரிசையாகக் கூப்பிட்டவன் நான். அதை அவரிடம் சொல்லப் பயமாக இருந்ததால் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் ஒரு பெரியவர். திலக் நகர்க்காரர். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் எல்லோருக்கும் தெரியும். வண்டி தேவ்நார் யார்டை விட்டு வெளியே வந்ததும் இடது பக்க சீட்டில் சாய்ந்து தூங்கிவிடுவார். சாதாரணத் தூக்கம் இல்லை, குறட்டையோடு. பழகுகிறவர்கள் பாவம், தாங்களே பார்த்து, தாங்களே யோசித்து ஓட்டித் திரும்பக் கொண்டுவந்து யார்டில் விடுவார்கள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி டீ கேட்பார். எனக்கு அது பொறுக்காது. இப்படி ஒரு பொறுப்பில்லாத மனுஷன் உண்டா என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். நான் அந்த சீட்டுக்கு வந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன் என்று வீறாப்பு பேசியிருக்கிறேன்.

வந்தேன். பார்த்தேன். கத்தினேன்.

என் கத்தலுக்குப் படிக்கட்டு உண்டு. தூரத்தில் ஏதாவது தெரிந்தால் "ஸ்ஸ்." கொஞ்சம் கிட்டே வந்தால் "ஏ, ஏ, ஏ." இன்னும் கிட்டே வந்தால் "முருகா." அதற்கும் மேலே போனால் "எம்மா!" நான் வேண்டுமென்று செய்வது இல்லை, தானாக வரும். கூடவே வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அங்கே அப்போது பெடல் எதுவும் கிடையாது. வெறும் ரப்பர் மேட். நாலே மாதத்தில் அந்த மேட் ஓட்டையாகிவிட்டது. மூன்றாவது மேட் போடும்போது மெக்கானிக் கேட்டார், "அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும் எலி இருக்கா?"

இப்போது சொல்லப்போகிற பேட்சில் இரண்டு பேர். இரண்டு பேரும் லைசென்ஸ் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள்தான். எங்களிடம் வந்தது பெரிய டேங்கரைப் பழகிக்கொள்ள.

ஒருத்தர் ரமணி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். பதினைந்து வருடம் ஒரு ஆபீசில் உட்கார்ந்து கன்டெய்னருக்குப் பேப்பர் போட்டவர். நாற்பது வயதில் ஒரு நாள், "இத்தனை வருஷமா எல்லாத்தையும் அனுப்பி விடறேனே, அதெல்லாம் எங்கேதான் போறது?" என்று தோன்றிவிட்டதாம். வேலையை விட்டுவிட்டு லாரி லைசென்ஸ் எடுத்துவிட்டார். அவர் அம்மாவிடம் மட்டும் 'லாஜிஸ்டிக்ஸில் புரமோஷன்' என்று சொல்லி வைத்திருந்தார்.

இன்னொருத்தி செல்வி. தேவ்நாரில் வீடு. பிறந்தது தாராவி, பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். எட்டு வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவள். அவள் வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோன சந்துகளில் நான் சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போவேன். அவளுக்குப் பெரிய வண்டி ஓட்ட ஆசை. இரண்டு கம்பெனியில் கேட்டாள். ஒன்றில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்றார்கள், இன்னொன்றில் கேட்டைத் திறக்கவே இல்லை. எங்கள் மேனேஜர் சேர்த்துக்கொண்டார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, சமையல் எண்ணெய் டேங்கர் வேலை ஒண்ணு வருது. அந்த எண்ணெய்க் கம்பெனி சேஃப்டி ஆபீசர் வந்து கூட உக்காந்து காட் ரோட்டுல, மலை இறக்கத்துல, எப்படி ஓட்டுறாங்கன்னு பாப்பாரு. அந்த டெஸ்ட்ல இந்தம்மா பாஸ் பண்ணா வேலை நிரந்தரம். பண்ணலேன்னா, இனிமே லேடீஸ எடுக்கிற பேச்சே வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

இதைச் செல்வியிடம் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். எனக்குத்தானே அப்படித் தோன்றும்.

"மத்த பொம்பளைகளப் பத்தி அப்புறம் யோசிப்போம் அண்ணாச்சி. எனக்கு ஒம்பது கியரு இருக்க வண்டி வேணும். அஞ்சு கியரு போட்டுப் போட்டுக் கையி மரத்துப் போச்சு" என்றாள்.

இரண்டு பேரும் எப்படிப் பழகினார்கள் தெரியுமா! நான் வாயைத் திறப்பதற்குள் வேகம் குறையும். "ஏ, ஏ" என்று முடிப்பதற்குள் கியர் இறங்கும். "மு" என்று ஆரம்பித்தால் போதும், கால் பிரேக்கில் இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேனேஜரிடம் போய், "இந்த மாதிரி பேட்ச் நான் பாத்ததே இல்ல சார், நான் நினைக்கிறதுக்கு முன்னாடி செய்யுறாங்க" என்று சொல்லி, அவர் செலவில் வடாபாவ் தின்றுவிட்டு வந்தேன்.

டெஸ்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு டாக்டர் பல்லைப் பிடுங்கி, பள்ளத்தில் பஞ்சை வைத்து, "ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். நான் எங்கே படுக்க? என் சீட்டில் யார் உட்காருவார்கள் என்ற கவலை. மரத்துப்போன தாடையோடு நேராக யார்டுக்குப் போய் வண்டியில் ஏறிவிட்டேன். அன்று ரமணி ஓட்டினார். செல்வி பின்னால் பெர்த்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்கும் டிரெய்னருக்கும் பின்னால் படுக்கிற பலகை இருக்கிறது இல்லையா, அதில்.

மான்குர்ட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு பஸ். ஸ்டாப்பில் நிற்கப் போகிறது, விளக்கு எரிகிறது. நான் "ஸ்ஸ்" என்றேன். என்றதாக நினைத்தேன். வாயில் பஞ்சு. ஒன்றும் வரவில்லை. ரமணி ஜம்மென்று போய்க்கொண்டிருக்கிறார். "ஏ, ஏ" என்றேன், உள்ளேயே. பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருந்த எழுத்தெல்லாம் சினிமா போஸ்டர் மாதிரி பெரிதாகிக்கொண்டே வருகிறது. முருகா, எம்மா, இரண்டையும் சேர்த்துக் கத்தினேன். கொசு முனகிய மாதிரிகூட இல்லை. கடைசியில் இரண்டு கையாலும் டேஷ்போர்டை ஓங்கி அறைந்தேன்.

ரமணி மிதித்தார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண். என் பஞ்சு பாதி தொண்டைக்குள்.

ரமணி என்னைத் திரும்பிப் பார்த்து, கோபமாகவே கேட்டார்: "என்ன அண்ணாச்சி இது! நீங்க ஒண்ணுமே சொல்லலையே!"

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி சைகை காட்டினேன். பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டேன், "பஸ்ஸு தெரியலையாய்யா ஒமக்கு?"

"தெரிஞ்சுது. ஆனா நீங்க 'ஸ்ஸ்' சொல்லலை. அதனால தூரம் நிறைய இருக்காக்கும்னு..."

பின்னாலிருந்து செல்வி, "ரமணி சார், அந்தச் சார்ட்டக் காட்டிருங்க. இனிமே மறைச்சு என்ன ஆவப் போவுது" என்றாள்.

ரமணி டிரைவர் பக்கத்து வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார். அதன் உள்பக்கம் ஒரு அட்டை. ஆபீஸ்காரர் பாருங்கள், டைப் அடித்து லேமினேட் பண்ணி வைத்திருந்தார். இடது பக்கம் 'சத்தம்', வலது பக்கம் 'நடவடிக்கை'. ஸ்ஸ்: ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கவும். ஏ ஏ ஏ: ஒரு கியர் இறக்கவும். முருகா: பிரேக். எம்மா: முழு பிரேக். அதற்குக் கீழே பேனாவால் செல்வியின் கையெழுத்தில் ஒரு வரி: 'எச்சில் முழுங்கினால் அண்ணாச்சிக்குப் பசி, கண்டுக்க வேண்டாம்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்த தாடையில் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது. மறு நிமிடம்தான் உறைத்தது. இவர்கள் ஆறு வாரமாக ரோட்டைப் பார்த்து ஓட்டவே இல்லை. என்னைக் கேட்டு ஓட்டியிருக்கிறார்கள். என் பயத்தை டீசல் மாதிரி ஊற்றி வண்டியை ஓட்டியிருக்கிறார்கள். டெஸ்ட் அன்று இடது பக்க சீட்டில் சேஃப்டி ஆபீசர் உட்காருவார். அவர் முருகா என்று சொல்லவா போகிறார்?

"செல்வி, இது ஒன் வேலை போற விஷயம்மா" என்றேன்.

"தெரியுது அண்ணாச்சி. ஆனா உங்க வாயி இருக்கும்போது எங்க கண்ணுக்கு வேலை இல்லாமப் போச்சே, நாங்க என்ன செய்ய?"

அன்று மாலையே திலக் நகருக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகத் தெரியவில்லை. திட்டுவதற்கோ, கேட்பதற்கோ. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் காராபூந்தி தின்றுகொண்டே கேட்டுவிட்டு, "நான் தூங்குனேன்னு நெனச்சியா?" என்றார்.

"குறட்டை விட்டீங்களே!"

"அது ஆக்டிங். எனக்கு உன்னைவிடப் பயம் ஜாஸ்தி. கண்ணைத் திறந்து வெச்சிருந்தா கத்திருவேன். நான் கத்துனா பக்கத்துல ஓட்டுறவன் யோசிக்கிறத நிறுத்திருவான். முதல் வருஷமே எனக்குப் புரிஞ்சு போச்சு. அதான் கண்ணை மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டு சும்மா உக்காந்தா அவங்களுக்குச் சந்தேகம் வரும்னு குறட்டை."

"பதினோரு வருஷமாவா?"

"முதல்ல கஷ்டமா இருந்துச்சு. கடைசி ரெண்டு வருஷம் நெசமாவே தூங்கிட்டேன்னு வையி."

எனக்குக் கண்ணை மூட முடியாது. வீட்டில் படுக்கும்போதே ஒரு கண்ணைத்தான் முதலில் மூடுவேன். பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பக்கத்தில் இருந்த சொம்பைத் தள்ளினார். "அப்ப வாயை அடை. தண்ணியை வாயில வெச்சுக்க. முழுங்காதே, துப்பாதே."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தோம். யார்டு கேட்டைத் தாண்டுவதற்கு முன் நான் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொள்வேன். நான் பேசக் கூடாது, ஓட்டுகிறவர் பேச வேண்டும். கண்ணில் பட்டது, அடுத்து என்ன நடக்கும் என்று தோன்றுவது, தான் என்ன செய்யப் போகிறார், எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். சார்ட்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள், கேட்டுக்கு வெளியே முதல் ஆட்டோ குறுக்கே வந்ததும் மொத்தத் தண்ணீரையும் கண்ணாடியில் பீய்ச்சி அடித்தேன். செல்வி பழக்க தோஷத்தில் வைப்பரைப் போட்டாள். உள்பக்கத் தண்ணீரை வெளிப்பக்க வைப்பர் என்ன செய்யும்? மூன்று பேரும் நடுரோட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பின்னால் ஹாரன் அடித்தவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அன்றைக்கு வாஷி போய் வருவதற்குள் பன்னிரண்டு தடவை பீய்ச்சினேன். அடுத்த நாள் ஒன்பது. ரமணி மழைக்கோட்டு கொண்டுவந்தார். வீட்டிலும் பயிற்சி எடுக்கலாம் என்று தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி, "இவ்வளவு வருஷத்துல இந்த வாரந்தான் இந்த வீட்ல நிம்மதியா டிவி பாத்தேன்" என்றாள்.

ஆனால், தம்பி தங்கச்சிகளே, வாய் அடைபட்டதும் காது திறந்துகொண்டது. ரமணி தபால் எழுதுகிற மாதிரி பேசினார். "முன்னால ஒரு டெம்போ. பின் கதவு சரியா சாத்தலை. நம்ம தூரம் போறாது. இன்னும் கொஞ்சம் விடறேன், ஆக்கும்." செல்வி சந்தையில் சண்டை போடுகிற மாதிரி பேசினாள். "இந்த ஆட்டோக்காரன் வலது பக்கம் திரும்புவான் பாருங்க, முன் சக்கரம் சொல்லுது. கை காட்ட மாட்டான் மவராசன். அந்த ஸ்டாப்புல நிக்க அக்கா செருப்பக் கழத்திக் கையில எடுத்துட்டா. ஓடப் போறா. காலை எடுக்கேன்."

அந்த அம்மாவை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செருப்பை நான் பார்க்கவில்லை. செல்வி சொன்ன மாதிரியே அவள் குறுக்கே ஓடினாள், எங்கள் வண்டி அதற்கு முன்பே நடைவேகத்தில் இருந்தது. எனக்கு வாயில் தண்ணீர் அப்படியே இருந்தது. கத்துவதற்கே ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பெண் ஆறு வாரமும் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு, என் "ஸ்ஸ்"ஸுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று இரண்டு மடங்கு வெட்கப்பட்டேன்.

டெஸ்ட் நாள் வந்தது. ஆபீசர் மராட்டிக்காரர். ஒல்லி, கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை, மடியில் அட்டையோடு ஃபாரம். சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. காட் ஏறும்போது ரமணி ஓட்டினார், இந்தியில் தபால் எழுதிக்கொண்டே ஏறினார், பாஸ். மேலே தளேகாவ் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு கண்டாலா காட் இறங்கும்போது செல்வி ஸ்டியரிங்கில். நானும் ரமணியும் பின்னால் பெர்த்தில். நான் ஆபீசருக்கு நேர் பின்னால். வாயில் தண்ணீர்.

இறக்கத்தில் செல்வி சின்ன கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி உறுமலோடு இறங்கினாள். ஆபீசருக்குப் புரிய வேண்டுமே என்று இந்தியில் பேசினாள், நடுநடுவே தமிழும் வந்து விழுந்தது. முன்னால் ஒரு சரக்கு லாரி. மெதுவாகத்தான் போனது. வலது பக்கம் காலியாக இருந்தது.

செல்வி சட்டென்று இன்னும் ஒரு கியர் இறக்கினாள். வண்டி ஊர்ந்தது. பின்னால் ஹாரன் கச்சேரி.

ஆபீசர் தலையைத் தூக்கினார். "ஜகா ஹை. ஓவர்டேக் கரோ." இடம் இருக்கிறது, முந்திப் போ என்கிறார்.

செல்வி, "நஹி சாப்" என்றாள்.

"க்யூன் நஹி? கரோ."

நான் பின்னால் உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் போடுகிறவர் சொல்கிறார், இவள் மாட்டேன் என்கிறாள். நிரந்தர வேலை, ஒன்பது கியர், அவளுக்குப் பின்னால் வரப்போகிற அத்தனை பெண்கள், எல்லாம் அந்தக் காலி இடத்தில் போய்க்கொண்டிருந்தது. 'போம்மா, அவர் சொல்லுதாருல்லா' என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. வாயில் தண்ணீர். முழுங்கிவிட்டுச் சொல்லலாம். தண்ணீர் தொண்டை வரை போய்விட்டது. ரமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். முழுங்கவில்லை.

செல்வி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். இந்தியில்தான் சொன்னாள், எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. "அவன் பிரேக் லைட்டு அணையவே இல்ல சாப். மேலேருந்து மிதிச்ச மேனிக்கே வாரான். எஞ்சின் சத்தம் கேக்கல, டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உருட்டுதான். பிரேக் லைனர் கருகுத வாசம் வருது. மோந்து பாருங்க. அவன் பிரேக்கு இன்னும் ரெண்டு வளைவுக்குத் தாங்காது. நான் அவன் பக்கத்துல இருக்க மாட்டேன்."

ஆபீசர் மூக்கை உறிஞ்சினார். ஃபாரத்தில் ஏதோ எழுதினார். அந்தப் பேனா சத்தம் எனக்குப் பல் பிடுங்கியதைவிட வலித்தது.

இரண்டு வளைவு என்றது அவள் தப்புக்கணக்கு. அடுத்த வளைவிலேயே அந்த லாரியின் சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. வேகம் எடுத்தது. இடது பக்கம் ஆடி, வலது பக்கம் பாய்ந்து, தடுப்புச் சுவரில் டர்ரென்று உரசிக்கொண்டே போய், குறுக்கே நின்றது. ஓவர்டேக் செய்திருந்தால் நாங்கள் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

செல்வி எப்போதோ நிறுத்திவிட்டாள். நடுவில் மூன்று லாரி நிற்கிற இடைவெளி.

நான் பீய்ச்சினேன். மூன்று வாரப் பயிற்சி, ஒரு வாய் தண்ணீர், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், சேஃப்டி ஆபீசரின் பிடரியில். காலர் வழியாக உள்ளே இறங்கியது. மீதி அவர் ஃபாரத்தில். அவர் அப்படியே விறைத்துப்போய் உட்கார்ந்தார். மெதுவாகத் திரும்பினார்.

செல்வி இன்னும் ரோட்டைப் பார்த்தபடியே, அதே குரலில் இந்தியில் தொடர்ந்து சொன்னாள்: "முன்னால லாரி நின்னுருச்சு. டிரைவர் இறங்குதான், அடி ஒண்ணும் இல்ல. நாலு பக்க இண்டிகேட்டரும் போட்டுட்டேன். பின்னால அண்ணாச்சி, பிரேக் ஃபெயிலு சாப்."

அந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள். அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, முதுகில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். ரமணி முக்கோண போர்டை எடுத்துக்கொண்டு பின்னால் வைக்க ஓடினார், சிரித்துக்கொண்டே. முன் லாரிக்காரன் ஓடி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். இறங்கிப் பாட்டிலைக் கொடுத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவன் என்னை உட்காரச் சொன்னான். அந்த இடத்தில் அதிகமாகப் பயந்தவன் நான்தான் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

ஈரமான ஃபாரத்தை ஆபீசர் செம்பூர் ஆபீசில் ஃபேனுக்கு அடியில் காயவைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டே வரி. டிரைவர் சொல்வதைக் கேட்கலாம். டிரெய்னருக்கு முன்னால் உட்கார வேண்டாம். மேனேஜர் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். யார்டு ஆபீசில் கடிகாரத்துக்குக் கீழே பாருங்கள்.

செல்விக்கு ஒன்பது கியர் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் யார்டுக்கு நாலு பெண்கள் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது டிரெய்னராகி இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது பெடல் விஷயம். நான் ரிட்டயர் ஆன அன்று மத்தியானம் சால்வை போட்டார்கள், ரமணி ஒரு உரை வாசித்தார், நீளம். அது முடிந்ததும் செல்வி என்னைப் பிடித்து டிரெய்னிங் வண்டியின் இடது பக்கம் ஏற்றினாள். காலுக்குக் கீழே பளபளவென்று ஒரு பெடல். அவளும் மெக்கானிக்கும் சேர்ந்து வெல்டிங் வைத்திருந்தார்கள்.

"டூயல் பிரேக்கா?" என்றேன்.

"ஒண்ணுத்துக்கும் கனெக்ஷன் கெடையாது அண்ணாச்சி. ஸ்பிரிங் மட்டும் இருக்கு. மேட்டு மாத்தி மாத்தி மெக்கானிக்குக் கை ஓஞ்சு போச்சாம். இன்னைக்கு ஆசை தீர மிதிங்க."

தேவ்நாரிலிருந்து வாஷி பாலம் வரை போய்த் திரும்பினோம். அவள் ஓட்டினாள், வாயில் தண்ணீரோடு நான். பதினேழு தடவை மிதித்தேன். பதினேழு தடவையும் வண்டி வேகம் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் என் கால் பெடலைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே குறைந்தது. யார்டுக்குள் வந்து நின்றதும் தண்ணீரை முழுங்கினேன். அன்றுதான் முதல் தடவையாக முழுங்கினேன்.

அதனால் அந்தப் பெடலை யாரும் கழற்ற வேண்டாம். மெக்கானிக்கிடமும் சொல்ல வேண்டாம். பயம் வந்தால் நன்றாக மிதித்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் வைத்திருக்கிறது. பக்கத்தில் ஓட்டுகிறவர் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார் என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.